கள்ளும் கலமும்

கள்ளைப் பற்றி எழுதியோர் பலர். குடிப்பவன் அடையும் கேட்டையும் அவன் குடும்பம் வடிக்கும் கண்ணீரையும் அவர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். ஆயின், அந்தக் கள் எந்தக் கலத்தில் பிறந்தது, அக்கலத்தைக் கழுவிக் காத்தவர் யாவர், காய்ச்சியது எவ்வாறு ஆற்றப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. மது ஆக்கும் தொழிலில் இவை சிறு செய்திகள் அல்ல. கலத்தின் தூய்மை, சூட்டை ஆற்றும் முறை ஆகிய இரண்டுமே ஆக்கப்பட்டது மதுவா நஞ்சா என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. மலேசிய நாட்டின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வரலாற்றை இக்கோணத்தில் நோக்குவார்க்குப் புதிய உண்மைகள் சில புலப்படும்.

பிழாவும் சாடியும்

பழந்தமிழர் கள்ளை மரத்திலிருந்து மட்டும் பெறவில்லை, அரிசியிலிருந்தும் ஆக்கினர். தோப்பி என்பது இல்லத்திலேயே நெல்லால் சமைத்த கள் என்று உரைகாரர் விளக்குவர். அதனை ஆக்கும் முறையைப் படிப்படியாகக் கூறும் நூல் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்தில் இச்செய்தி வருகிறது.

குற்றாத அரிசியை முதலில் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அக்களியை வாய் அகன்ற பிழா என்னும் கலத்தில் இட்டு நன்றாக ஆற்றுகின்றனர். ஆறிய பின்னரே நல்லடையை அதனுடன் கலக்கின்றனர். நல்லடை என்பது நெல் முளை என்பர். அதன்பின் இரு பகலும் இரு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் இளமை நீங்க முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர்.

இவ்வரிசை முறையை ஊன்றி நோக்குதல் வேண்டும். சுடுகளியில் முளையைக் கலந்தால் பயனில்லை. மாவுப் பொருளை இனிப்பாக மாற்றும் ஆற்றல் முளையில் உள்ளது. மிகுந்த சூடு அந்த ஆற்றலை அழித்துவிடும். இனிப்பை மதுவாக மாற்றும் நொதிப் பூஞ்சையோ அதனினும் மென்மையானது. 50 பாகைச் செல்சியசு அளவுச் சூட்டிலேயே மடியத் தொடங்கும். ஆதலின் ஆற்றுதல் முன்னும் கலத்தல் பின்னும் நிகழ்தல் இன்றியமையாதது. ஆற்றுவதற்கு வாய் அகன்ற கலம். முற்றுவதற்கு வலிய வாயுடைய சாடி. பரப்பு மிகுந்தால் சூடு விரைந்து வெளியேறும் என்பதையும், முற்றும் பொருளுக்குக் காற்றின் தொடர்பு குறைய வேண்டும் என்பதையும் நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் தெளிவாகும்.

மலாய் மக்கள் இன்றும் ஆக்கும் தப்பாய் என்னும் பண்டமும் இதே நெறியைப் பின்பற்றுவது. பசையரிசியை ஆவியில் வேகவைத்து, பரப்பி ஆறவிட்டு, அதன் பின்னரே ராகி என்னும் புளிப்பு மாவைத் தூவுவர். சூடாக இருக்கும்போது தூவினால் தப்பாய் கெட்டுவிடும் என்பதை மலாய்க் கம்பத்துப் பெண்கள் நன்கு அறிவர். கை கழுவாமல் அதனைத் தொடலாகாது என்னும் கட்டுப்பாடும் அவர்களிடம் உண்டு.

மேலை நாட்டில் நிகழ்ந்தது

ஐரோப்பியர் பீர் என்னும் மதுவைப் பார்லியிலிருந்து ஆக்குவர். பார்லியை முளைக்கவைத்து உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, இனிய சாறு எடுப்பர். அச்சாற்றில் ஹாப் பூவை இட்டுக் கொதிக்கவைப்பர். கொதித்த சாற்றைக் கெடுக்கவல்ல உயிரிகள் அப்பொழுது மடிந்துவிடும். பின்னர் அதனை 20 பாகைக்கோ அதற்கும் கீழோ ஆற்றி, ஈஸ்ட் என்னும் நொதிப் பூஞ்சையை இடுவர். கொதிநிலைக்கும் இக்குளிர்நிலைக்கும் இடைப்பட்ட நேரமே ஆபத்தானது. மெல்ல ஆறும் இனிய சாறு, காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்கெல்லாம் விருந்தாக அமைந்துவிடும்.

முற்காலத்தில் அவர்களும் நம் பிழாவைப் போன்ற ஆழமற்ற அகன்ற தொட்டிகளிலேயே சாற்றை ஆற்றினர். குளிர் நாட்டுக்கு அது ஓரளவு பொருந்தியது. 1857-இல் பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், 1876-இல் பீரைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். மது கெடுவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்களே என்பதை அவர் விளக்கினார். 1883-இல் டென்மார்க்கு நாட்டுக் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே வகை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தார். அதன்பின் திறந்த தொட்டியில் ஆற்றும் வழக்கம் படிப்படியாகக் குறைந்தது. உள்ளே குளிர்நீர் ஓடும் குழாய்களின் மேல் சாற்றை வழியவிடும் கருவி பரவியது. 1923-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு செலிக்மன் மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கி, ஒரு பக்கம் சுடுநீர்மமும் மறுபக்கம் குளிர்நீரும் எதிரெதிராக ஓடும் கருவியை அமைத்தார். பால் பண்ணைகளிலும் மதுவாலைகளிலும் அக்கருவி இன்றளவும் பயன்படுகிறது.

குழாய்களை இணைக்கும் மூட்டுகளிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. திருகு மரையிட்ட மூட்டுகளின் இடுக்குகளில் சாறு தங்கும், தங்கியது அழுகும், அழுகியது அடுத்த நாளைய சாற்றையும் கெடுக்கும். ஆதலின் மரையற்ற, வழவழப்பான, எளிதில் கழற்றிக் கழுவத்தக்க துருப்பிடிக்காத எஃகு மூட்டுகளைப் பால் பண்ணையார் கையாண்டனர். மதுவாலையாரும் அவற்றை ஏற்றனர். இக்காலத்தில் தம் வீட்டிலேயே பீர் ஆக்கும் மேலை நாட்டார், கொதிக்கும் சாற்றினுள் செப்புச் சுருள் குழாயை இறக்கி, அதனூடே குளிர்நீரைச் செலுத்தி ஆற்றுகின்றனர்.

வெப்ப நாட்டில் இதற்கோர் இடர்ப்பாடு உண்டு. மலாயாவில் ஆற்று நீரே ஏறத்தாழ 27 பாகைச் சூடு உடையது. நீரைக் கொண்டு மட்டும் அதனினும் கீழே ஆற்றுதல் இயலாது. 1870-களில் ஜெர்மானியப் பொறியறிஞர் கார்ல் ஃபான் லிண்டே குளிரூட்டும் பொறியை உருவாக்கியபோது, அவருக்குப் பேராதரவு தந்தோர் மதுவாலையாரே. அத்தகைய பொறிகளின் துணையால்தான் 1932-இல் சிங்கப்பூரில் மலாயன் மதுவாலை பீர் ஆக்கத் தொடங்கியது. அந்தப் பீரின் விலை தோட்டத் தொழிலாளியின் கைக்கு எட்டக்கூடியதன்று. அவனுக்கு எட்டியது தென்னங்கள்.

முட்டியும் சுண்ணாம்பும்

தென்னங்கள்ளுக்கு அடுப்பு வேண்டா. ஆகவே ஆற்றுதலும் வேண்டா. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, அடியில் முட்டியைக் கட்டுவர். சொட்டுச் சொட்டாக வடியும் சாற்றில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை இனிப்பு உண்டு. காற்றிலும் பாளையிலும் முட்டியின் புரைகளிலும் உள்ள நொதிப் பூஞ்சைகள் அச்சாறு இறங்கும்போதே தம் பணியைத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்குள் சாராயச் சத்து நூற்றுக்கு 5 பங்கு அளவில் ஏறும். அதன்பின் வேறு நுண்ணுயிர்கள் அதனைக் காடியாக மாற்றும்.

பீரில் கொதியும் குளிரும் ஆற்றும் காவலைக் கள்ளில் கலமும் காலமுமே ஆற்ற வேண்டும். கொதிக்காத பானம் ஆதலின், கலத்தில் உள்ள மாசும் அதில் சேரும் நீரின் மாசும் நேரே குடிப்பவன் வயிற்றைச் சென்றடையும். மரமேறும் தொழிலாளர் இதனை அறிந்தே இருந்தனர். இனிய பதநீராக இறக்க வேண்டுமாயின் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவுவர். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதிப் பூஞ்சையின் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும். மண் முட்டியைத் தீயில் வாட்டி உலர்த்தும் வழக்கமும் உண்டு. இச்சிறு செயல்களில் ஒரு முழுமையான அறிவு அடங்கியிருக்கிறது.

கடல் கடந்தபின்

நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியாகிய சுங்கை ஊஜோங், 1874-க்குப் பின் ஆங்கிலேயரின் செல்வாக்குக்கு உட்பட்டது. முதலில் காப்பித் தோட்டங்கள் அங்குத் தோன்றின. 1891-இல் சிரம்பானையும் போர்ட் டிக்சன் துறைமுகத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1896-இல் இம்மாநிலம் மலாய் ஐக்கிய நாடுகளுள் ஒன்றாயிற்று. காப்பியின் விலை வீழ்ந்து ரப்பரின் விலை ஏறியபோது, லிங்கி, ரந்தாவ், லாபு, நீலாய், தம்பின், பகாவ் என எங்கும் ரப்பர்க் காடுகள் பரவின. அக்காடுகளை உருவாக்கத் தென்னாட்டிலிருந்து கங்காணிகள் ஆளழைத்து வந்தனர். இந்திய அரசு 1938-இல் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடை செய்யும்வரை அவ்வரவு தொடர்ந்தது.

ஊரில் தொழிலாளிக்குச் சிறு குடிசையேனும் சொந்தமாக இருந்திருக்கலாம். தோட்டத்தில் அவன் குடியிருந்த லயம் நிருவாகத்துக்கு உரியது. அடுப்படியும் அளந்து தரப்பட்டது. மதுவை ஆக்குவதும் விற்பதும் உரிமம் பெற்றோர்க்கே உரியன. இல்லத்தில் சமைக்கும் தோப்பிக்கு அங்கு இடமில்லை. கள் என்பது தோட்டத்துக் கள்ளுக்கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்காயிற்று. 1920-களின் இறுதியில் எளிதில் சென்றடையத்தக்க தோட்டங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி என வரையறுக்கப்பட்டது. அக்கூலியில் ஒரு பகுதி மாலைதோறும் கள்ளுக்கடைக்குத் திரும்பியது. கடையின் ஆதாயத்தைத் தொழிலாளர் நலத்துக்கே செலவிட வேண்டும் என்னும் ஏற்பாடும் இருந்தது. குடித்தவன் காசிலேயே அவனுக்கு நன்மை செய்யும் விந்தையான அறம் அது!

கடலோரத்துப் போர்ட் டிக்சன் பகுதியில் தென்னைக்குக் குறைவில்லை. உள்நாட்டில் தோட்டத்துக்குள் தென்னை இல்லையெனில், கள் வண்டியில் பயணம் செய்தே வர வேண்டும். வெயிலில் குலுங்கிச் செல்லும் கள் ஒவ்வொரு நாழிகையும் முதிர்கிறது, புளிக்கிறது. மரத்தடியில் குடிப்பவன் கலத்தைக் கண்ணால் காண்பான். கடையில் குடிப்பவனோ கோப்பையை மட்டுமே காண்பான். முட்டி, பீப்பாய், அளவைக் குவளை ஆகிய எவற்றின் மீதும் அவனுக்கு உரிமை இல்லை. ஆக்குவோனுக்கும் அருந்துவோனுக்கும் இடையே இருந்த தொடர்பு இவ்வாறு அறுந்தது.

இரு வகைப் பால்

அதே தொழிலாளியின் கையில் வேறொரு கலமும் இருந்தது. அதுவே மங்கு. ரப்பர் மரத்தைச் சீவியபின் வடியும் பாலை ஏந்தும் சிறு கோப்பை அது. குளிர்ந்த விடியலில் பால் நன்கு வடியும் ஆதலின், இருள் நீங்குமுன் வெட்டுக்குச் செல்வர். ரப்பர்ப் பாலும் தென்னஞ்சாற்றைப் போன்றதே. நுண்ணுயிர் புகுந்தால் புளிக்கும். புளித்தால் திரிந்து கட்டியாகும். அவ்வாறு கெட்ட பால் தாளாக ஆக்குதற்கு ஏற்றதன்று. தரம் குறைந்த ஒட்டுப்பாலோடு சேர்த்தே மதிக்கப்படும்.

இதனைத் தடுக்கத் தோட்டங்கள் கடும் ஒழுங்கைக் கைக்கொண்டன. ஒவ்வொரு மங்கும் துடைக்கப்பட வேண்டும். வாளியின் அடியில் பழைய பால் ஒட்டியிருத்தல் ஆகாது. பாலைத் திரவமாகவே காக்க வேண்டின், அம்மோனியா சில துளிகள் இடப்படும். ஆலையில் பாலை அளந்து, நுண்ணிய சல்லடையில் வடிகட்டி, கழுவிய தொட்டிகளில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் கலந்து உறையவைப்பர். 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இவற்றையெல்லாம் ஆய்வுக்குரிய பொருளாகக் கொண்டது.

மங்கில் இடும் அம்மோனியாவும் முட்டியில் தடவும் சுண்ணாம்பும் செய்வது ஒரே வேலை. இரண்டும் காரப் பொருள்கள். இரண்டும் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தடுப்பன. கலம் தூயதாக இருந்தால் பால் கெடாது என்னும் உண்மையை, பால்வெட்டுத் தொழிலாளி எவரிடமும் கற்க வேண்டியதில்லை. அவன் நாள்தோறும் ஆயிரம் கைகளுள் ஒரு கையாக அவ்வுண்மையைச் செயற்படுத்தி வந்தான். ஆயின் அந்த அறிவு முழுதும் இலண்டன் சந்தைக்குச் செல்லும் பாலைக் காக்கவே செலவிடப்பட்டது. அவன் வாய்க்குச் செல்லும் பானத்தைப் பற்றிய விதிகளோ பெரும்பாலும் உரிமம், விற்பனை நேரம், விலை ஆகியவற்றைப் பற்றியே பேசின. அறியாமையால் நேர்ந்த குறை என இதனைக் கூறுதல் பொருந்தாது. எக்கலம் ஊதியம் தருகிறதோ அக்கலமே காக்கப்பட்டது.

எழுந்த குரல்

கள்ளில் உயிர்ச்சத்து உண்டு. உழைத்துக் களைத்தவனுக்கு அது உணவு என்று கூறி அதனை ஆதரித்தோர் இருந்தனர். நொதிப் பூஞ்சையில் பி உயிர்ச்சத்து இருப்பது உண்மையே. ஆயினும் அது அளவோடு அருந்தும் புதுக்கள்ளுக்கே பொருந்தும். தாய்நாட்டில் 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய செய்தி மலாயாத் தமிழரையும் எட்டியது. 1941-இல், நெகிரி செம்பிலானை அடுத்துள்ள சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அதே பட்டியலில் இருந்தது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால், கள்ளுக்கடையை அவர்கள் தம் மானத்தோடு தொடர்புடையதாகவே கருதினர் என்பது விளங்கும். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து காவல் துறையின் கடுமைக்கு ஆளாயினர்.

போருக்குப் பின் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டு வளர்ந்த பி. பி. நாராயணன், 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். கூலியும் குடியிருப்பும் பேச்சுவார்த்தைக்கு உரியனவாயின. தொழிலாளி தன் நிலையைத் தானே எடுத்துரைக்கும் காலம் வந்தது.

மறைவில் எரிந்த அடுப்பு

கள்ளுக்கடை தளர்ந்தபோது குடி மறையவில்லை, உருமாறியது. சீனரின் அரிசி மதுவைக் குறித்த சம்சு என்னும் சொல், மலிவான வடிசாராயம் அனைத்துக்கும் பெயராயிற்று. உரிமம் பெற்ற புட்டிச் சம்சு ஒருபுறம். தோட்டத்து ஓரங்களில் திருட்டுத்தனமாக வடித்தது மறுபுறம். திருட்டுச் சாராயம் வடிப்பவன் ஊறல் பானையை அடுப்பில் ஏற்றி, மேலே குளிர்நீர்ச் சட்டியை வைப்பான். எழும் ஆவி அச்சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகி, இடையிலுள்ள கலத்தில் விழும். பிழாவில் தொடங்கிய ஆற்றும் கலை இங்கு ஒளிந்து வாழும் கலையாகத் தாழ்ந்தது. மேலிருக்கும் நீர் சூடேறினால் மாற்ற வேண்டும். ஆயின் மறைவில் அஞ்சி அஞ்சிச் செய்பவனுக்கு நீரை மாற்றவும் கலத்தைக் கழுவவும் ஓய்வு ஏது? கிடைத்த தகரமும் ஈயம் வைத்து ஒட்டிய குழாயுமே அவனுக்குக் கருவிகள். சூடான சாராயம் ஈயத்தைக் கரைத்துக் கொண்டு வரும்.

இதனினும் கொடியது மெத்தனால் கலப்பு. அரிசியையோ வெல்லத்தையோ புளிக்கவைத்தால் மெத்தனால் மிகச் சிறிதே தோன்றும். பேரிழப்புகளை விளைவிப்பது, தொழிற்சாலைக்குரிய மெத்தனாலை ஆதாயத்துக்காகக் கலப்பதே. நிறத்தாலோ மணத்தாலோ அதனைப் பிரித்தறிதல் அரிது. 2018 செப்டம்பரில் மலேசியாவில் நச்சு மது அருந்திப் பலர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகுதியானோர் அயல்நாட்டுத் தொழிலாளர். ஒரு காலத்தில் தமிழத் தொழிலாளி நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அவ்வமிலமே கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. ரப்பர்ப் பாலை உறையவைக்க ஆலைத் தொட்டியில் அளந்து ஊற்றப்பட்ட அமிலமும் அதுவே. ஆலையில் அதற்கு அளவு இருந்தது. அளப்பதற்கு ஆள் இருந்தார். குடிப்பவன் உடலில் அதனை அளப்பார் இல்லை.

இன்றைய நிலை

நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல நகரங்களாகிவிட்டன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது. லயங்களும் தோட்டக் கள்ளுக்கடைகளும் பெரும்பாலும் மறைந்தன. மங்கு என்னும் சொல்லை அறியாத தமிழ்ப் பிள்ளைகளே இன்று தமிழ்ப்பள்ளிகளில் மிகுதி.

அப்பிள்ளைகளுக்குப் பெரும்பாணாற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர், பிழாவுக்கும் சாடிக்கும் பொருள் கூறும்போது மங்கையும் முட்டியையும் உடன் நினைவூட்டலாம். தானே ஆக்கித் தானே அருந்தியவன் தன் கலத்தைத் தானே காத்தான். கலம் பிறர் கைக்குச் சென்றபின், காக்கும் பொறுப்பு எவருடையது என்னும் வினா எழுந்தது. தோட்டங்கள் நிலைபெற்றிருந்த காலம் முழுதும் அவ்வினாவுக்குத் தக்க விடை கிடைக்கவில்லை. பாலைக் காக்கத் தெரிந்த கைகள் தம்மைக் காத்துக்கொள்ள உரிமை பெறாமற்போன கதையே நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கள்ளின் கதை. குடியை ஒழிக்க முனைவோரும் குடிப்பவனைப் பழிப்போரும் முதலில் படிக்க வேண்டியது அக்கதையே.